மீட்டர் முள் அசையலையா? பெட்ரோல் மீட்டர் பொய் சொல்லுதா? பழைய பைக் வைத்திருப்பவர்கள் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் பக்கத்து கிராமங்களில் 15, 20 வருஷம் ஓடிய பைக்குகள் இன்னும் தினசரி வேலையில் இருக்கின்றன. விடியற்காலையில் பால் கேன், மதியம் உர மூட்டை, சாயங்காலம் புல்லுக்கட்டு என்று ஒரே வண்டி எல்லா வேலையும் பார்க்கும். இன்ஜின் நல்லா இருக்கும், பிரேக் பிடிக்கும், லைட் எரியும். ஆனா மீட்டர் பக்கம் பார்த்தா வேக முள் பூஜ்ஜியத்திலேயே தூங்கும். பெட்ரோல் முள் எப்பவும் 'ஃபுல்' காட்டும். நியூட்ரல் லைட் எரிஞ்சு பல வருஷம் ஆகியிருக்கும்.

"மீட்டர் ஓடலைன்னா என்ன, வண்டி ஓடுதே" என்பதுதான் பெரும்பாலானவர்களின் பதில். அந்தப் பதில் எங்கே தவறுகிறது? எந்தக் கோளாறை வீட்டு வாசலிலேயே கண்டுபிடிக்கலாம்? எதுக்கு மெக்கானிக்கிடம் போகணும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மீட்டர் ஓடாவிட்டால் என்ன நஷ்டம்?

முதல் விஷயம், வேகம். பழகிய வண்டியில் சத்தத்தை வைத்தே வேகம் தெரியும் என்று சொல்வோம். பகலில் ஓரளவு சரிதான். ஆனால் இரவில், இரு பக்கமும் வயல் இருக்கும் காலி ரோட்டில், 45-ல் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு 60-ல் போவது சகஜம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடந்துவிடும். 40-ல் போனால் 11 மீட்டர்தான். ரோட்டில் காயப்போட்ட நெல்லோ, வெளிச்சமில்லாமல் நிற்கும் டிராக்டர் டிரெய்லரோ கண்ணில் படும்போது இந்த வித்தியாசம்தான் உயிரைத் தீர்மானிக்கும்.

இரண்டாவது, பராமரிப்பு. ஆயில் மாற்றுவது, செயின் பார்ப்பது எல்லாமே கிலோமீட்டர் கணக்கு. ஓடிய தூரம் தெரியவில்லை என்றால் ஆயில் மாற்றும் நாள் தள்ளிக்கொண்டே போகும். கடைசியில் இன்ஜின் வேலை வந்து நிற்கும். அந்தச் செலவுக்கு முன்னால் மீட்டர் கேபிள் செலவு ஒன்றுமே இல்லை.

மூன்றாவது, சட்டம். 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 117-வது விதி, வண்டியின் வேகத்தை ஓட்டுநருக்குக் காட்டும் ஸ்பீடோமீட்டர் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் விரிவாகப் பார்ப்போம்.

ஸ்பீடோமீட்டர் எப்படி வேலை செய்கிறது?

இது புரிந்துவிட்டால் பாதிக் கோளாறை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

பழைய கேபிள் மீட்டருக்கு கரண்டே தேவையில்லை. முன் சக்கரம் சுற்றும்போது, டிரம் பிரேக் பிளேட்டுக்குள் இருக்கும் ஒரு சின்ன பல்சக்கரத்தைச் சுற்றவைக்கும். அதை நம்ம ஊர் கடைகளில் 'மீட்டர் வார்ம்' அல்லது 'மீட்டர் பினியன்' என்பார்கள். அதிலிருந்து கறுப்பு உறைக்குள் ஒரு இரும்புக் கம்பி மேலே மீட்டர் வரை போகிறது. சக்கரம் சுற்றினால் உள்கம்பியும் சுற்றும்.

மீட்டருக்குள் அந்தக் கம்பி ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. காந்தத்தைச் சுற்றி, அதைத் தொடாமல், ஒரு அலுமினியக் கிண்ணம் இருக்கும். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. ஆனால் காந்தம் சுழலும்போது அந்தக் கிண்ணத்துக்குள் சின்ன சுழல் மின்னோட்டம் உருவாகி, கிண்ணத்தையும் கூடவே இழுக்கப் பார்க்கும். முழுசா சுற்றவிடாமல் முடி போன்ற ஒரு ஸ்பிரிங் பிடித்துக்கொள்ளும். வேகம் கூடக்கூட இழுவை கூடும், முள் ஏறும். 1902-ல் ஜெர்மனியில் ஓட்டோ ஷுல்ஸே என்பவர் காப்புரிமை பெற்ற அதே தத்துவம்தான், நூறு வருஷத்துக்குப் பிறகும் நம்ம ஊர் 100 சிசி வண்டிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கிலோமீட்டர் எண் ஓடுவது வேறு வழி. அதே கம்பி, சின்னச் சின்ன பல்சக்கரங்கள் வழியாக எண் உருளைகளைச் சுற்றுகிறது. இதில் காந்தம் கிடையாது, நேரடிப் பிடிப்புதான்.

அதாவது கம்பி ஒன்று, வேலை இரண்டு. இதை மனசில் வைத்துக்கொண்டால், எது ஓடுது, எது ஓடலை என்பதை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடலாம்.

அறிகுறி என்ன சொல்கிறது?

முள்ளும் அசையலை, கிலோமீட்டரும் ஓடலை: மீட்டருக்குச் சுழற்சியே வரவில்லை. கேபிள் அறுந்திருக்கும், கழன்றிருக்கும், அல்லது கீழே வார்ம் தேய்ந்திருக்கும். மீட்டரை உடனே குறை சொல்ல வேண்டாம்.

கிலோமீட்டர் ஓடுது, முள் மட்டும் அசையலை: கேபிள் நல்லா இருக்கிறது. மீட்டருக்குள் முள், ஸ்பிரிங் அல்லது கிண்ணத்தில் பிரச்சினை.

முள் சரியா காட்டுது, கிலோமீட்டர் மட்டும் நின்னுபோச்சு: மீட்டருக்குள் இருக்கும் சின்ன பல்சக்கரம் தேய்ந்துவிட்டது அல்லது உடைந்துவிட்டது. பல மாடல்களில் இது பிளாஸ்டிக்தான்.

முள் ஆடிக்கொண்டே இருக்கு: 30-க்கும் 50-க்கும் நடுவில் துள்ளுகிறது என்றால், உறைக்குள் கம்பி காய்ந்துபோய் விட்டுவிட்டுச் சுற்றுகிறது. அல்லது கேபிள் எங்கேயோ மடங்கியிருக்கிறது. கீச்சு சத்தமும் சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம்.

முள் மேலே போய் இறங்கவே மாட்டேங்குது: கிரீஸ் அல்லது ஆயில் கேபிள் வழியாக மீட்டருக்குள் ஏறியிருக்கலாம். ஸ்பிரிங் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு.

பஞ்சர் போட்ட பிறகு நின்னுபோச்சு: இது நிறையப் பேருக்கு நடக்கும். முன் சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது, வார்மை ஓட்டும் வளையத்தின் காதுகள் சக்கரத்தின் பள்ளத்தில் சரியாக உட்காராமல் போயிருக்கும். அப்படியே நட்டை இறுக்கினால் காது மடங்கிவிடும். மறுபடி சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

வீட்டிலேயே 10 நிமிஷ சோதனை

தேவை ஒரு கட்டிங் பிளேயர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், கொஞ்சம் பழைய துணி. அவ்வளவுதான்.

1. வண்டியை சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இன்ஜின் ஆஃப்.

2. மீட்டருக்கு அடியில் கேபிள் சேரும் இடத்தில் ஒரு திருகு மூடி இருக்கும். அதைக் கையாலேயே இடப்பக்கமாகத் திருகினால் கழன்றுவிடும். இறுகியிருந்தால் மட்டும் பிளேயரை மெதுவாகப் பயன்படுத்துங்கள்.

3. கேபிளின் மேல் முனையில் உள்கம்பி தெரியும். ஒருவர் பின்பக்கம் அழுத்தி முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றட்டும்.

4. உள்கம்பி சுற்றுகிறதா? சுற்றினால் கேபிளும் வார்மும் ஓகே. கோளாறு மீட்டரில்.

5. சுற்றவில்லையா? உள்கம்பியை மெதுவாக மேலே இழுங்கள். பாதியிலேயே வெளியே வந்துவிட்டால் அறுந்திருக்கிறது. கேபிள் மாற்ற வேண்டியதுதான்.

6. கம்பி முழுசா இருக்கிறது, ஆனாலும் சுற்றவில்லை என்றால் கீழே பிரேக் பிளேட்டில் கேபிள் சரியாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ விழுந்து, கேபிள் நழுவியிருக்கலாம். அதுவும் சரியாக இருந்தால் வார்ம் தேய்ந்திருக்கிறது.

7. மீட்டரைத் தனியாகச் சோதிக்க, கழற்றிய உள்கம்பியின் சதுர முனையை மீட்டரின் அடி ஓட்டையில் செருகி விரலால் வேகமாகச் சுழற்றுங்கள். ஒரு திசையில் சுழற்றும்போது முள் லேசாகத் துள்ளினால் மீட்டருக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். கம்பி சுற்றவே மறுத்தால் மீட்டர் ஜாம்.

கடைசிச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். புது கேபிள் போட்டு ஒரு மாசத்தில் மறுபடி அறுந்துபோச்சு என்று சொல்பவர்கள் நிறைய. கேபிள் சும்மா அறுவதில்லை. மேலே மீட்டர் ஜாம் ஆகியிருக்கும், கீழே வார்ம் இறுகியிருக்கும், அல்லது கேபிள் போகும் வழியில் கூர்மையான வளைவு இருக்கும். காரணத்தைச் சரி செய்யாமல் கேபிளை மட்டும் மாற்றினால் செலவு திரும்பத் திரும்ப வரும்.

கிராமத்து வண்டிகளுக்கே உரிய மூன்று வில்லன்கள்

ஒன்று, வைக்கோலும் சேறும். வயல் வரப்பு, களம் என்று போகும் வண்டியில் முன் சக்கர அச்சைச் சுற்றி வைக்கோல், நைலான் கயிறு, பழைய சேலைத் துண்டு எல்லாம் சுற்றிக்கொள்ளும். அது வார்ம் பக்கத்து சீலைக் கிழித்து, சேறு உள்ளே போக வழி செய்யும். வாரம் ஒருமுறை அச்சைப் பார்த்து, சுற்றியிருப்பதை அறுத்து எடுத்துவிடுங்கள்.

இரண்டு, ஹேண்டில்பாரில் சுமை. பால் கேன், பை, கயிறு என்று முன்னால் மாட்டும்போது கேபிள் அழுந்தி மடங்கும். கேபிள் அதற்கான கொக்கி வழியாகத்தான் போக வேண்டும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசா திருப்பிப் பாருங்கள், எங்கேயும் இழுக்கக் கூடாது.

மூன்று, எலி. மாட்டுக்கொட்டகை ஓரமாகவோ நெல் மூட்டை பக்கத்திலோ வண்டியை நிறுத்தினால், ஹெட்லைட் டூமுக்குள் போகும் ஒயர்களை எலி கடித்துவிடும். பெட்ரோல் மீட்டர், நியூட்ரல் லைட், இண்டிகேட்டர் லைட் மூன்றும் ஒரே நாளில் செத்துப்போனால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். அது நல்லா இருந்தால் டூமைத் திறந்து ஒயரைப் பாருங்கள்.

கேபிளுக்கு கிரீஸ் போடுவது எப்படி?

உள்கம்பியை முழுசாக உருவி, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். கருப்பு அழுக்கு வரும் வரை துடைக்க வேண்டும். பிறகு கம்பியின் கீழ் மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும் மெல்லிசாக கிரீஸ் தடவுங்கள். மேல் பகுதியைக் காய்ந்தபடியே விட்டுவிடுங்கள்.

ஏன் அப்படி? உள்கம்பி முறுக்குக் கம்பி. சுற்றும்போது திருகாணி மாதிரி கிரீஸை மேலே தள்ளும். நிறைய தடவினால் அது நேராக மீட்டருக்குள் போய் காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் ஒட்டிக்கொள்ளும். பிறகு 20-ல் போனாலும் முள் 80 காட்டும். மீட்டருக்குள் ஆயில் ஊற்றுவதும் இதே காரணத்தால் தவறு.

மீட்டர் காட்டும் வேகம் சரிதானா என்று எப்படித் தெரிஞ்சுக்கிறது?

செல்போன் ஜிபிஎஸ் ஒரு வழி. ஆனால் ஓட்டிக்கொண்டே போனைப் பார்க்கக் கூடாது. பின்னால் உட்காருபவர் பார்த்துச் சொல்லட்டும். நேர் ரோட்டில், ஒரே வேகத்தில், கொஞ்ச நேரம் போனால்தான் ஜிபிஎஸ் காட்டும் எண் நிலையாகும்.

போன் இல்லாவிட்டால் ரோட்டோர கிலோமீட்டர் கல் போதும். மீட்டரில் 40 வைத்து ஒரே சீராகப் போங்கள். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 90 வினாடி ஆக வேண்டும். 30-ல் போனால் 120 வினாடி. 40 காட்டும்போது 75 வினாடியிலேயே அடுத்த கல் வந்துவிட்டால், உண்மையில் நீங்கள் 48-ல் போகிறீர்கள். ரோடு விரிவாக்கத்தில் கல் இடம் மாறியிருக்கலாம் என்பதால், மூன்று நான்கு கல்லுக்கு சேர்த்து நேரம் பார்த்து சராசரி எடுப்பது நல்லது.

மீட்டர் உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டினால் பயப்பட வேண்டாம். புது மீட்டர்களையே உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்ற கணக்கில்தான் தயாரிக்கிறார்கள். குறைவாகக் காட்டினால்தான் ஆபத்து.

வேறு மாடல் மீட்டரை மாட்டினால் இந்த வித்தியாசம் கண்டிப்பாக வரலாம். எத்தனை சுற்றுக்கு ஒரு கிலோமீட்டர் என்ற கணக்கு எல்லா மாடலுக்கும் ஒன்றே இல்லை. முன் சக்கரத்தை வேறு அளவில் மாற்றினாலும் இதே கதைதான். பின்பக்க செயின் ஸ்ப்ராக்கெட் மாற்றினால், முன் சக்கரத்திலிருந்து கேபிள் வரும் வண்டிகளில் மீட்டருக்கு எந்த மாற்றமும் வராது.

பெட்ரோல் மீட்டர் ஏன் பொய் சொல்லுது?

யமஹா ஆர்எக்ஸ் 100, பழைய புல்லட் மாதிரி வண்டிகளில் பெட்ரோல் மீட்டரே கிடையாது. ரிசர்வ் டேப்தான் எல்லாம். மீட்டர் இருக்கும் வண்டிகளில், டேங்குக்குள் ஒரு மிதவை இருக்கும். கடையில் 'டேங்க் யூனிட்' என்று கேட்டால் கொடுப்பார்கள். பெட்ரோல் ஏற இறங்க மிதவையும் ஏறி இறங்கும். அதோடு சேர்ந்த ஒரு கம்பி, மின்தடைப் பட்டை மேல் நகரும். அந்தத் தடை மாறுவதைத்தான் மீட்டர் முள்ளாகக் காட்டுகிறது.

இது கரண்ட்டில் ஓடும் மீட்டர். அதனால் முதலில் பார்க்க வேண்டியது சாவி போட்டால் ஹாரன், இண்டிகேட்டர் வேலை செய்கிறதா என்பதை. அவையும் இல்லை என்றால் பேட்டரி அல்லது ஃபியூஸ்.

மற்றதெல்லாம் வேலை செய்து, பெட்ரோல் முள் மட்டும் அசையவில்லை என்றால், டேங்குக்கு அடியிலிருந்து வரும் இரண்டு ஒயர் கப்ளரைக் கண்டுபிடியுங்கள். சாவியை ஆஃப் செய்து கப்ளரைக் கழற்றுங்கள். மீட்டர் பக்கம் போகும் இரண்டு முனைகளையும் ஒரு சின்ன ஒயரால் இணைத்துவிட்டு, பிறகு சாவியைப் போடுங்கள். சில நொடிகள் பார்த்தால் போதும். முள் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நகர்ந்தால் மீட்டர் நல்லா இருக்கிறது, டேங்க் யூனிட்தான் போயிருக்கிறது. நகரவே இல்லை என்றால் மீட்டர் அல்லது ஒயர். ஃபுல் பக்கம் போகுமா, காலி பக்கம் போகுமா என்பது மாடலைப் பொறுத்தது.

முக்கியமான எச்சரிக்கை: இந்தச் சோதனையை டேங்க் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டோ, பெட்ரோல் கசியும் வண்டியிலோ செய்யக் கூடாது. ஒயரை இணைப்பதும் எடுப்பதும் சாவி ஆஃப் நிலையில்தான். டேங்க் யூனிட்டைக் கழற்றுவது மெக்கானிக் வேலை. ஒரு பொறி போதும், ஆபத்தாகிவிடும்.

டேங்க் யூனிட் ஏன் கெடுகிறது? பெரும்பாலும் துரு. மழைக்காலத்தில் திறந்தவெளியில் நிற்கும் வண்டியில், பழைய டேங்க் மூடியின் ரப்பர் வழியாகத் தண்ணீர் இறங்கும். இப்போது பங்க்குகளில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை கொண்டது. வாரக்கணக்கில் ஓட்டாமல், கால் டேங்க் பெட்ரோலோடு நிறுத்தி வைத்தால் டேங்குக்குள் துரு வேகமாகப் பிடிக்கும். மூடி ரப்பரை மாற்றுவதும், நிறுத்தி வைக்கும் வண்டியில் டேங்கை நிரப்பி வைப்பதும் எளிய பாதுகாப்பு.

முள் ஓரளவு வேலை செய்து, ஆனா நம்ப முடியலை என்றால் ஒரு வழி இருக்கிறது. வண்டி ரிசர்வுக்கு வந்ததும் ஒவ்வொரு லிட்டராக நிரப்பி, முள் எங்கே நிற்கிறது என்று குறித்து வையுங்கள். பார்க்கும்போது வண்டி நேராக, சமதரையில் நிற்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்த வண்டியில் மிதவை சரியாகக் காட்டாது.

நியூட்ரல் லைட், மற்ற சின்ன லைட்டுகள்

நியூட்ரல் லைட் எரியாததை யாரும் பெருசா எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் கியரில் இருப்பது தெரியாமல் கிளட்சை விட்டால் வண்டி முன்னால் பாயும். முன்னால் குழந்தை நின்றால்?

கண்டுபிடிப்பது சுலபம். இன்ஜின் கீழ்ப்பக்கம், கியர்பாக்ஸ் அருகே நியூட்ரல் சுவிட்சுக்கு ஒற்றை ஒயர் போகும். அதைக் கழற்றி, சாவி போட்டு, ஒயர் முனையை இன்ஜினின் சுத்தமான இரும்புப் பகுதியில் தொடுங்கள். லைட் எரிந்தால் பல்பும் ஒயரும் ஓகே, சுவிட்ச்தான் போயிருக்கிறது. எரியாவிட்டால் பல்பு அல்லது வழியில் ஒயர்.

மாறாக எந்த கியரிலும் நியூட்ரல் லைட் எரிந்துகொண்டே இருந்தால், அந்த ஒயரின் தோல் உரிந்து எங்கேயோ பாடியில் தொடுகிறது. அது எரியாமல் இருப்பதைவிட ஆபத்து, ஏன்னா லைட்டை நம்பி கிளட்சை விடுவோம்.

பல்பு வாங்கும்போது வோல்ட் பாருங்கள். மிகப் பழைய சில மாடல்கள் 6 வோல்ட். அதில் 12 வோல்ட் பல்பு போட்டால் மங்கலாகத்தான் எரியும். 12 வோல்ட் வண்டியில் 6 வோல்ட் பல்பு போட்டால் உடனே போய்விடும்.

புல்லட் ஆம்பியர் மீட்டர் என்ன சொல்கிறது?

1955-ல் சென்னையில் அசெம்பிள் ஆக ஆரம்பித்த புல்லட், இன்று காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே ஒரகடம், வல்லம் வடகால் ஆலைகளில் தயாராகிறது. பழைய புல்லட்டில் ஹெட்லைட்டுக்கு மேலே ஒரு குட்டி மீட்டர் இருக்கும். நடுவில் பூஜ்ஜியம், ஒரு பக்கம் பிளஸ், மறு பக்கம் மைனஸ். அதுதான் ஆம்பியர் மீட்டர்.

இன்ஜின் ஓடாமல் லைட் போட்டால் முள் மைனஸ் பக்கம் போக வேண்டும். ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் நடுவுக்கோ, பிளஸ் பக்கமோ வர வேண்டும். எவ்வளவு ரேஸ் கொடுத்தாலும் மைனஸிலேயே நின்றால் பேட்டரி சார்ஜ் ஆகவில்லை. மீட்டரைக் குறை சொல்லாதீர்கள், அது உண்மையைத்தான் சொல்கிறது. அப்படியே இரவுப் பயணம் கிளம்பினால் வழியில் லைட் மங்கிவிடும்.

இந்த மீட்டர் வழியாகத்தான் பேட்டரி கரண்ட் போகும் என்பதால், அதன் பின்பக்க நட்டு லூஸானால் வண்டியில் மொத்த லைனும் விட்டுவிட்டு வரும். பின்பக்க இணைப்பைத் தொடும் முன் பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுவது அவசியம்.

டிஜிட்டல் மீட்டர் என்றால்?

2000-களின் நடுவில் வந்த சில பைக்குகளில் கேபிளுக்குப் பதில் சென்சார் வந்துவிட்டது. எண்கள் மினுக்கினால், சாவி போட்டதும் மீட்டர் மறுபடி மறுபடி ரீசெட் ஆனால், முதலில் பேட்டரியைப் பாருங்கள். மல்டிமீட்டரில் நின்ற நிலையில் 12.4 வோல்ட்டுக்கு மேலே, ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் நல்லது. டிஸ்பிளே எரிந்து வேகம் மட்டும் காட்டவில்லை என்றால் சக்கரத்தருகே உள்ள சென்சாரையும் அதன் கப்ளரையும் சுத்தம் செய்து பார்க்கலாம்.

கண்ணாடிக்குள் பனி மாதிரி நீர் படிவது எல்லா மீட்டருக்கும் பொது. வாட்டர் சர்வீஸில் பைப்பை நேராக மீட்டரில் அடிப்பதுதான் முக்கியக் காரணம். அடுத்த முறை ஒரு பாலிதீன் கவரைக் கட்டிவிடச் சொல்லுங்கள்.

ஆர்.சி புதுப்பிக்கும்போது மீட்டரும் பார்ப்பாங்களா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 41-வது பிரிவுப்படி சொந்த உபயோக பைக்கின் பதிவு 15 வருஷம் செல்லும். அதற்குப் பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். படிவம் 25-ல் விண்ணப்பிக்க வேண்டும். பதிவு முடிவதற்கு 60 நாளுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டும். கட்டணமும் பசுமை வரியும் சேரும். வண்டியின் வயசைப் பொறுத்துக் கட்டணம் மாறும் என்பதால் அப்போதைய தொகையைப் பரிவாஹன் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீடோமீட்டர் சட்டப்படி இருக்க வேண்டிய கருவி. லைட், ஹாரன், பிரேக், இண்டிகேட்டர் பார்ப்பது போல இதையும் கேட்கலாம். காஞ்சிபுரம் வரை ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய், கேபிள் அறுந்ததற்காகத் திரும்பி வருவதைவிட, முந்தின வாரமே சரி செய்துவிடுவது லாபம்.

மீட்டரை மாற்றினால் கிலோமீட்டர் கணக்கு?

மீட்டரை மாற்றும் அன்றே பழைய மீட்டரின் எண்ணை போட்டோ எடுத்து, பில்லோடு ஆர்.சி புத்தகத்தில் வைத்துவிடுங்கள். விற்கும்போது வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். எண்ணைக் குறைத்து வைத்து விற்பது ஏமாற்று வேலை.

வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: 15 வருஷ வண்டியில் 18,000 கிலோமீட்டர் காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். கால் வைக்கும் ரப்பர், கியர் லிவர், சீட், ஹேண்டில் பிடி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். மீட்டர் பொய் சொன்னாலும் ரப்பர் பொய் சொல்லாது. முன் சக்கரத்தைச் சுற்றி, கடைசி எண் நகர்கிறதா என்றும் பாருங்கள்.

இப்போ காசு இல்ல, மீட்டர் பிறகு பார்க்கலாம் என்றால்?

சிலருக்கு அந்த நிலைமை இருக்கலாம். அதுவரை ஆயில் கணக்கையாவது விடாதீர்கள். உங்கள் வண்டி லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் என்றால், 60 லிட்டர் பெட்ரோல் தீரும்போது ஆயில் மாற்ற வேண்டும். பங்க்கில் போடும் லிட்டரை செல்போனில் குறித்து வந்தால் போதும். உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போய் வர சுமார் 60 கிலோமீட்டர். தினமும் அந்த வழியில் வேலைக்குப் போகிறவர்களுக்கு 50 நாளில் 3,000 கிலோமீட்டர் ஆகிவிடும். இரண்டு மாசத்துக்கு ஒருமுறை என்று நினைவு வைத்துக்கொள்ளலாம்.

வேகத்துக்கு மட்டும் இப்படி மாற்று வழி இல்லை. மீட்டர் சரியாகும் வரை இரவில் வழக்கத்தைவிட மெதுவாகப் போவது ஒன்றே வழி.

சுருக்கமா சொன்னா...

- முள்ளும் எண்ணும் சேர்ந்து நின்றால் கேபிள் அல்லது வார்ம். ஒன்று மட்டும் நின்றால் மீட்டர்.
- கேபிள் அடிக்கடி அறுந்தால் காரணம் வேறு இடத்தில்.
- கிரீஸ் கீழே மட்டும், மேல் பகுதி காய்ந்தே இருக்கட்டும்.
- பெட்ரோல் மீட்டரில் டேங்குக்கு வெளியே உள்ள கப்ளர் வரை நீங்கள் பார்க்கலாம். டேங்குக்குள் மெக்கானிக் வேலை.
- ஆர்.சி புதுப்பிக்கும் முன் மீட்டரைச் சரி பாருங்கள்.

கேபிள் மட்டும் போயிருந்தால் பொதுவாக சில நூறு ரூபாய்க்குள் வேலை முடிந்துவிடும். முழு மீட்டரை மாற்றச் சொன்னால், மேலே சொன்ன 10 நிமிஷ சோதனையை ஒருமுறை செய்து பார்த்துவிட்டு முடிவு எடுங்கள். வண்டியை நம்பி வேலைக்குப் போகிறவர்களுக்கு, அந்தச் சின்ன முள் சரியாக ஓடுவது வீட்டில் காத்திருப்பவர்களுக்கும் ஒரு நிம்மதி.